கலிங்கத்தில் எழுதப்படாத வருத்தம்

வாசகர் கேள்வி – பதில்

மௌரியர் ஆட்சியைப் பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்தால், மௌரியரின் தலைநகரான பாடலிபுத்திரத்தைப் பற்றிக் கேட்டவர்களைவிட, பாடலிபுத்திரத்துக்கும் நம் கடற்கரைக்கும் என்ன தொடர்பு என்று கேட்டவர்களே மிகுதி. ஆகவே இம்முறை தொண்டியிலிருந்து ஏர்வாடி வரையுள்ள ஊர்களின் கடிதங்களுக்கே இடம் கொடுத்திருக்கிறேன். ஒரே செய்தியைக் கேட்டவர்களின் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கலிங்கப் போருக்குப் பிறகு அசோகர் வாளைக் கீழே போட்டுவிட்டார் என்று பள்ளியில் படித்தோம். அப்படியானால் அத்தனை பெரிய நாட்டை அதற்குப் பிறகு ஏறக்குறைய 30 ஆண்டுகள் எப்படி ஆண்டார்?
– கல்லூரி மாணவி, இராமநாதபுரம்

வாளைக் கீழே போட்டார் என்று அசோகர் எங்கும் சொல்லவில்லை. நம் பாடநூல்கள்தாம் சொல்கின்றன. அவர் சொன்னது என்னவென்று அவருடைய கல்வெட்டிலேயே பார்த்துவிடலாம்.

கலிங்கப் போரைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் பெரும்பாலும் அவருடைய 13ஆம் பாறைக் கல்வெட்டிலிருந்து வருவதுதான். முடிசூடி 8 ஆண்டுகள் கழித்து, அதாவது கி.மு. 261ஐ ஒட்டி, கலிங்கத்தை வென்றதாகவும், 1,50,000 பேர் நாட்டிலிருந்து பெயர்த்துக் கொண்டுசெல்லப்பட்டதாகவும், 1,00,000 பேர் களத்தில் கொல்லப்பட்டதாகவும், அதைப்போல் பல மடங்கு மக்கள் மாண்டதாகவும் அதில் எழுதியிருக்கிறார். வென்ற அரசன் தன் வெற்றியின் கணக்கைப் பெருமையாக எழுதுவது உலக வழக்கம். அசோகர் அதே கணக்கைத் துயரமாக எழுதினார். அந்தணரும் சிரமணர் என்ற துறவிகளும், பெற்றோருக்கும் பெரியோருக்கும் பணிந்து வாழ்ந்த இல்லறத்தாரும் அந்தப் போரில் தாங்கள் துன்புற்றார்கள், அல்லது தாங்கள் தப்பித்தும் தம் அன்புக்குரியவர்கள் துன்புறுவதைக் கண்டு நொந்தார்கள் என்று அவர் எழுதும் இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அந்தக் கல்லின் மேல் மரியாதை குறைவதில்லை. அவ்வாறு துன்புற்றவர்களில் நூறில் ஒரு பங்கு, ஆயிரத்தில் ஒரு பங்கு மக்கள் இன்று துன்புற்றாலும் அது தமக்குப் பெரும் பாரம் என்கிறார்.

ஆனால் அதே கல்லில், சில வரிகள் தள்ளி, காட்டில் வாழும் மக்களுக்கு ஒரு செய்தி இருக்கிறது. பொறுக்கத்தக்கதைப் பொறுப்பேன், ஆயினும் வருந்துகிறவனுக்கும் வலிமை உண்டு என்பதை அறிந்து, கொல்லப்படாமலிருக்க நீங்கள் திருந்திக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். வருத்தமும் எச்சரிக்கையும் ஒரே மூச்சில் வருகின்றன. படையைக் கலைத்ததாக எந்தக் கல்வெட்டும் கூறவில்லை. கலிங்கத்தை அதன் மக்களிடம் திருப்பிக் கொடுத்ததாகவும் கூறவில்லை. மரண தண்டனை விதிக்கப்பட்டவர்களுக்கு 3 நாள் அவகாசம் தரவேண்டும், அதற்குள் அவர்களுடைய உறவினர் முறையிட்டு உயிரைக் காக்க முயலலாம் என்று முடிசூடிய 26ஆம் ஆண்டில் ஒரு தூண் கல்வெட்டில் ஆணையிட்டார்; மரண தண்டனை அதுவரை இருந்தது, அதன் பிறகும் இருந்தது என்பது இதனால் விளங்கும். தம் பிள்ளைகளும் பேரர்களும் புதிய வெற்றிகளை நாடவேண்டாம் என்று சொன்னவர், அப்படி வென்றுதான் தீரவேண்டும் என்றால் பொறுமையோடும் குறைந்த தண்டனையோடும் நிறுத்திக்கொள்ளட்டும் என்றும் சேர்த்தே சொன்னார். மகனை நன்கு அறிந்த தகப்பனின் பேச்சு இது.

இனி நான் முதன்மையாகச் சொல்ல விரும்பும் செய்திக்கு வருகிறேன். கலிங்கத்தில், இன்றைய ஒடிசாவிலுள்ள தௌலியிலும் ஜௌகடாவிலும், அசோகரின் பாறைக் கல்வெட்டு வரிசை வெட்டப்பட்டிருக்கிறது. அந்த இரண்டு இடங்களிலும் 11, 12, 13ஆம் கல்வெட்டுகள் இல்லை. கலிங்கத்துக்காக வருந்தும் கல்வெட்டு, வடமேற்கே இன்றைய பாகிஸ்தானிலுள்ள சாபாஸ்கடியில் இருக்கிறது, இமயத்தின் அடிவாரத்தில் கால்சியில் இருக்கிறது, ஆந்திரத்தின் எர்ரகுடியில் இருக்கிறது; கலிங்கத்து மக்கள் கண்ணில் படும் இடத்திலோ அதைத் தவிர்த்துவிட்டார்கள். அதற்கு ஈடாக அங்கே இரண்டு தனிக் கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டன. எல்லா மக்களும் என் பிள்ளைகள் என்ற புகழ்பெற்ற தொடர் வருவது அவற்றில்தான். அவை தோசலி, சமாபை என்ற ஊர்களின் அதிகாரிகளை நோக்கிப் பேசுகின்றன: காரணமின்றி யாரையும் சிறையில் அடைக்காதீர்கள், வதைக்காதீர்கள், பொறாமை, சினம், கொடுமை, அவசரம், சோம்பல் ஆகியவை உங்களிடம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், இதைச் சரிபார்க்க 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மென்மையான அதிகாரி ஒருவரை அனுப்புவேன்.

இதை வஞ்சகம் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். நான் அப்படிக் கொள்ளவில்லை. தோற்ற ஊரில் போய், உங்களில் ஓர் இலட்சம் பேரைக் கொன்றதற்கு வருந்துகிறேன் என்று கல்லில் வெட்டினால், வருவோர் போவோரெல்லாம் அதை ஆண்டுதோறும் படித்துப் படித்துப் பகையை மறக்காமல் வைத்திருப்பார்கள். அங்கே தேவைப்பட்டது மன்னிப்புக் கேட்பது அன்று, கீழ் அதிகாரிகளின் கையைக் கட்டுவது என்று அவரோ அவருடைய அமைச்சரோ எண்ணியிருக்க வேண்டும். வருந்துவதற்கும் ஆள்வதற்கும் இடையில் அவர் கண்ட வழி அதுவாக இருந்தது. மனம் திருந்திய மனிதரும் அரசியல் தெரிந்த மன்னரும் ஒரே ஆள்தான் என்பதற்கு தௌலியில் விடுபட்ட அந்தக் கல்வெட்டே போதிய சான்று.

இன்னொன்றையும் மாணவி குறித்துக்கொள்ளலாம். போர்க்களத்திலேயே அசோகர் பௌத்தரானார் என்பது கதை. அவருடைய சிறுபாறைக் கல்வெட்டில், உபாசகராகி, அதாவது இல்லறத்திலிருக்கும் பௌத்தராகி, இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று என்றும், முதல் ஓராண்டு தாம் அவ்வளவு முனைப்பாக இருக்கவில்லை என்றும் அவரே ஒப்புக்கொள்கிறார். மெல்ல மெல்ல நடந்த மாற்றம் அது.

அவர் பௌத்தத்தை அரச மதமாக ஆக்கினாரா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், பரமக்குடி

ஆக்கவில்லை. தம் சொந்தச் சமயத்துக்கு அவர் செய்தவை உண்டு: முடிசூடிய 20ஆம் ஆண்டில் லும்பினிக்குச் சென்று, புத்தர் பிறந்த ஊர் என்பதால் அதன் வரியைக் குறைத்தார்; பௌத்த சங்கத்தைப் பிளக்கும் துறவிகளுக்கு வெள்ளாடை உடுத்தி வெளியே அனுப்புங்கள் என்று சாஞ்சியிலும் சாரநாத்திலும் எழுதிவைத்தார். அதே மன்னர் கயைக்கு அருகிலுள்ள பராபர் குன்றில் குகைகளைக் குடைந்து ஆசீவகர் என்ற துறவிகளுக்குக் கொடுத்தார்; ஆசீவகர்களோ பௌத்தர்களின் நேர் எதிரணியினர். நாடெங்கும் பரப்பிய தம்மம் என்ற அறநெறியில் நிர்வாணம், நான்கு உண்மைகள் முதலிய பௌத்தக் கோட்பாடுகள் ஒன்றையும் அவர் புகுத்தவில்லை. பெற்றோருக்குப் பணிதல், வேலைக்காரரை நன்றாக நடத்துதல், உயிர்க்கொலை குறைத்தல் முதலிய பொது ஒழுக்கங்களையே சொன்னார். 12ஆம் பாறைக் கல்வெட்டு இன்னும் ஒரு படி மேலே போகிறது. தன் சமயத்தின் மேலுள்ள பற்றினால் தன்னதைப் புகழ்ந்து பிறர் சமயத்தைப் பழிப்பவன் தன் சமயத்துக்கே பெருங்கேடு செய்கிறான்; ஆகவே நாவைக் காக்க வேண்டும் என்பது அதன் கருத்து. பள்ளிவாசலும் கோயிலும் மாதா கோயிலும் ஒரே தெருவில் பார்த்து வளர்ந்த நம் கடற்கரைக்காரர்களுக்கு இதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

எங்கள் முன்னோர் தலைமுறை தலைமுறையாகச் சங்கு குளித்தவர்கள். வடக்கே இருந்த அந்தப் பேரரசுக்கு நம் சங்கும் முத்தும் தெரிந்திருந்தனவா?
– சங்கு வணிகர், கீழக்கரை

நன்றாகவே தெரிந்திருந்தன. அர்த்தசாஸ்திரம் என்ற அரசியல் நூல், கௌடில்யர் பெயரில் வழங்குவது, நெடுங்காலம் கிடைக்காமலிருந்து 1905இல் மைசூரு நூலகத்துக்கு வந்த ஓலைச்சுவடியில் கண்டுபிடிக்கப்பட்டு 1909இல் அச்சேறியது. இப்போதுள்ள வடிவில் அது மௌரிய அரசை நிறுவிய சந்திரகுப்தர் காலத்துக்குச் சில நூற்றாண்டுகள் பிற்பட்டது என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். ஆகவே அதிலுள்ளதெல்லாம் மௌரியர் ஆட்சியில் அப்படியே நடந்தது என்று கொள்ளக்கூடாது. பண்டைய வடநாட்டு அரசியலறிஞர் இந்தக் கடலை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு மட்டும் அதைச் சான்றாகக் கொள்ளலாம்.

கருவூலத்துக்கு வரும் மணிகளை வகைப்படுத்தும் இடத்தில் முத்துகள் 10 வகையாகச் சொல்லப்படுகின்றன. முதலாவது தாம்ரபர்ணிகம், இரண்டாவது பாண்டிய கவாடகம். பட்டியலின் தலைப்பில் இருக்கும் இரண்டும் நம் பக்கத்துக் கடலின் பெயரைத் தாங்கியவை. கவாடகம் என்பதைத் தமிழ் மரபிலுள்ள கபாடபுரத்தோடு இணைத்துப் பேசுவோர் உண்டு. சிறந்த பருத்தித் துணிகளை அடுக்கும்போதும் முதலில் வருவது மாதுரம். அதைத் தென்மதுரை என்றே பழைய உரை கொள்கிறது.

இதைவிடச் சுவையான செய்தி ஒன்று வணிக வழிகளைப் பற்றிய விவாதத்தில் வருகிறது. யானை, குதிரை, வாசனைப் பொருள், தந்தம், தோல், வெள்ளி, பொன் ஆகியவை மிகுதியாகக் கிடைப்பதால் இமயத்தை நோக்கிய வழியே சிறந்தது என்று முந்தைய ஆசிரியர்கள் சொன்னார்களாம். கௌடில்யர் அதை மறுக்கிறார். கம்பளம், தோல், குதிரை ஆகியவற்றை விட்டுவிட்டால் சங்கு, வைரம், மணி, முத்து, பொன் எல்லாம் தெற்கு வழியிலேதான் மிகுதி என்கிறார். கவனித்தீர்களா, அந்த வரிசையில் வைரத்துக்கும் முன்னே சங்கு நிற்கிறது. வங்காளத்துப் பெண்களின் கைகளில் சங்கு வளையல் ஏறுவதற்காக நம் கடலிலிருந்து சங்கு போய்க்கொண்டிருந்ததை நேரில் கண்ட தலைமுறை உங்கள் ஊரில் இன்னும் இருக்கிறது. அவர்களுக்கு இந்த வரிசை வியப்பைத் தராது.

சந்திரகுப்தரின் அவைக்கு வந்த கிரேக்கத் தூதர் மெகஸ்தனிசும் முத்தைக் கேள்விப்பட்டிருக்கிறார். அவருடைய நூல் அழிந்துவிட்டது. பிற்காலத்தார் எடுத்தெழுதிய பகுதிகள் மட்டும் கிடைக்கின்றன. கிரேக்கப் புராண வீரனான ஹெராக்ளிஸ் தன் மகள் பாண்டையாவுக்கு அணிவிக்கக் கடல் முழுவதும் தேடி முத்தெடுத்தான் என்ற கதையும், தங்கத்தின் எடையைப்போல் 3 மடங்கு விலை முத்துக்கு உண்டு என்ற குறிப்பும் அவற்றில் உள்ளன. கதை கதையாகவே இருக்கட்டும். பாண்டியர் என்ற பெயரும் முத்தும் கி.மு. 300ஐ ஒட்டிய காலத்திலேயே பாடலிபுத்திரத்தில் ஒன்றாகப் பேசப்பட்டன என்பது உறுதி.

இப்போது டீசல் விலை, அனுமதிச் சீட்டு, தடைக்காலம் என்று கடலுக்குப் போகவே ஆயிரம் கணக்கு. அந்தக் காலத்து அரசு மீனவனிடம் என்ன வாங்கியது?
– மீனவர், பாம்பன்

அண்ணாச்சி, கணக்கு அப்போதும் இருந்தது. அர்த்தசாஸ்திரத்தில் நாவாய்த் தலைவர் என்று ஓர் அதிகாரி வருகிறார். கடற்கரை, ஆற்றங்கரை ஊர்கள் அவருக்கு ஒரு நிலையான வரி கட்டவேண்டும். மீன் பிடிப்போர் அரசின் படகுக்கு வாடகையாகப் பிடித்ததில் ஆறில் ஒரு பங்கு கொடுக்கவேண்டும். சங்கும் முத்தும் எடுப்போர் படகு வாடகை கொடுக்கவேண்டும், அல்லது தங்கள் சொந்தப் படகில் போகலாம். உப்புக்கும் தனி அதிகாரி உண்டு. வெளியிலிருந்து வரும் உப்பில் ஆறில் ஒன்று அரசுக்கு, கலப்பட உப்புக்குக் கடும் தண்டம். ஆனால் வேதம் கற்றோரும் துறவிகளும் கூலியாட்களும் சோற்றுக்கு வேண்டிய உப்பைக் கட்டணமின்றி எடுத்துச் செல்லலாம். வாலிநோக்கத்து உப்பளத்தில் பாத்தி கட்டுவோர் இந்த விதியைக் கேட்டால் அதில் கூலியாள் சேர்க்கப்பட்டிருப்பதை முதலில் கவனிப்பார்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்த விதி வேறு. காற்றில் திசை தப்பி அலைக்கழிந்து வரும் கப்பலை, நாவாய்த் தலைவர் தகப்பனைப்போல் ஆதரிக்க வேண்டும் என்று அந்நூல் சொல்கிறது. தண்ணீரில் நனைந்து கெட்ட சரக்குக்குச் சுங்கமே வாங்கக்கூடாது, அல்லது பாதி வாங்கலாம். அடுத்த சில வரிகளிலேயே, கொள்ளைக் கப்பலை அழித்துவிடு, பகை நாட்டுக்குப் போகும் கப்பலையும் துறைமுக விதியை மீறிய கப்பலையும் அப்படியே செய் என்று வருகிறது. உளவு, நஞ்சு, சூழ்ச்சி என்று பக்கம் பக்கமாக எழுதிய கை, காற்றில் சிக்கியவனைப் பற்றி எழுதும்போது தகப்பன் என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. வாடை திரும்பும் மாதத்தில் எல்லை தெரியாமல் காற்று அடித்துக்கொண்டு போன படகுகளைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததால் இதைச் சொல்கிறேன்.

தடைக்காலம் என்றீர்களே, அசோகரிடமும் அதைப்போன்ற ஒன்று உண்டு. முடிசூடிய 26ஆம் ஆண்டில் வெட்டிய 5ஆம் தூண் கல்வெட்டில் கொல்லக்கூடாத உயிர்களின் நீண்ட பட்டியல் ஒன்றைக் கொடுத்து, பருவந்தோறும் வரும் முழுநிலவு நாட்களிலும் நோன்பு நாட்களிலும் மீனைக் கொல்லவும் விற்கவும் கூடாது என்கிறார். நம்முடைய 61 நாள் தடை மீன் இனம் பெருகுவதற்காக. அவருடையது நாளின் தூய்மைக்காக. கரையில் வலை உலர்த்தி உட்கார்ந்திருந்தவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

"வம்ப மோரியர்" என்று சங்கப் பாட்டில் வருகிறது. மௌரியப் படை உண்மையிலேயே தமிழகத்துக்கு வந்ததா?
– தமிழாசிரியை, தொண்டி

மோரியர் அகநானூற்றில் மூன்று இடங்களிலும் புறநானூற்றில் ஓர் இடத்திலும் வருகிறார்கள். மாமூலனார் பாடிய அகம் 251இல், கோசர் பகைவரை அழித்த காலத்தில் மோகூர் பணியாததால், "மா கெழு தானை வம்ப மோரியர்" வந்ததாகவும், அவர்களுடைய தேர்ச் சக்கரம் உருள்வதற்காக மலையைக் குறைத்ததாகவும் செய்தி உள்ளது. அகம் 281இல் வடுகர் முன்னே செல்ல மோரியர் தென்திசை நோக்கி வந்ததாக அதே புலவர் சொல்கிறார். மோகூர் மதுரைப் பக்கத்து ஊர். அசோகரின் தந்தை பிந்துசாரர் காலத்துப் படையெடுப்பின் நினைவே இது என்று கொள்வோர் உண்டு. இவர்கள் பிற்காலத்துக் கொங்கண மோரியரே என்று சொல்வோரும் உண்டு. மலையைக் குடைந்து சக்கரம் செல்வது ஒரு தொன்மக் கதை என்று ஒதுக்குவோரும் உண்டு.

தாங்கள் ஆசிரியை என்பதால் ஒன்றைச் சொல்லத் துணிகிறேன். இவை போரைப் பாடிய பாட்டுகள் அல்ல. அகப்பாட்டு மூன்றும் பொருள் தேடிப் பிரிந்த தலைவன் கடந்து சென்ற வழியின் அருமையைச் சொல்ல வந்தவை. அந்த வழி எவ்வளவு தொலைவு என்பதற்கு மோரியர் மலை குறைத்த இடத்தைத் தாண்டி என்று புலவர் அளவு காட்டுகிறார். ஒரு படையெடுப்பை இப்படித் தொலைவுக்கு எல்லைக்கல்லாக வைத்துப் பாடவேண்டுமானால் கேட்பவர்கள் எல்லாருக்கும் அந்தச் செய்தி தெரிந்திருக்க வேண்டும். அதனால் ஏதோ ஒரு படை வடக்கிலிருந்து வந்தது, அது நினைவில் தங்கியது என்று நம்புகிறேன். வந்தது தங்கவில்லை என்பதற்குச் சான்று அசோகரே தருகிறார். 2ஆம் பாறைக் கல்வெட்டில் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோரைத் தம் எல்லைக்கு அப்பாலுள்ள அண்டை நாட்டவராகவே குறிக்கிறார். அவர்கள் நாடுகளிலும் மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவம் செய்ய ஏற்பாடு செய்ததாகவும், மூலிகையும் கிழங்கும் கனிமரமும் இல்லாத இடங்களில் கொண்டுபோய் நடச் செய்ததாகவும் கூறுகிறார். சத்தியபுத்திரர் யார் என்ற நெடுநாள் வழக்கு 1981இல் தீர்ந்தது. திருக்கோவலூர்ப் பக்கம் ஜம்பையில் கிடைத்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு "ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி" என்று பெயரையே சொல்லிவிட்டது.

கௌடில்யர் கடவுள் நம்பிக்கை உடையவரா, இல்லாதவரா?
– ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர், தேவிபட்டினம்

நவக்கிரகங்கள் கடலுக்குள் நிற்கும் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்திருப்பதால், அவருடைய ஒரு செய்யுளோடு தொடங்குகிறேன். ஓயாமல் நட்சத்திரம் கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைத்தனமானவனை விட்டுச் செல்வம் விலகிப் போகும். பொருளுக்குப் பொருளே நட்சத்திரம், தாரகைகள் என்ன செய்துவிடும் என்பது அதன் கருத்து. இதை எழுதியவர்தான், நிமித்தமும் வேதமும் நன்கறிந்த புரோகிதரை அரசன் அமர்த்தவேண்டும், மாணவன் ஆசிரியரைப்போலவும் மகன் தந்தையைப்போலவும் அவரைப் பின்பற்றவேண்டும் என்றும் எழுதினார்.

நம்பிக்கையை அவர் ஒரு படைக்கலமாகவும் கையாளச் சொல்கிறார். கருவூலம் வற்றிய காலத்தில், இரவோடு இரவாக ஒரு தெய்வத்தை நிறுவி, அது தானே தோன்றியது என்று சொல்லித் திருவிழா நடத்திப் பணம் சேர்க்கலாம். பருவமில்லாக் காலத்தில் பூத்துக் காய்த்த மரத்தில் தெய்வம் இறங்கியதாகப் பரப்பலாம். சுரங்கம் வெட்டிய கிணற்றில் பல தலைப் பாம்பைக் காட்டிக் காணிக்கை வாங்கலாம். நம்பாதவனுக்கு என்ன செய்வது என்பதற்கும் வழி வைத்திருக்கிறார்: அவன் வாய் கொப்புளிக்கும் நீரிலோ அவன் மேல் தெளிக்கும் நீரிலோ மருந்து கலந்து மயக்கமுறச் செய்து, தெய்வ சாபம் என்று அறிவிப்பது. பகையரசனைக் கோட்டையிலிருந்து வெளியே இழுப்பதற்கு, 400 வயது என்று சொல்லிக்கொள்ளும் மொட்டைத் தலை அல்லது சடைமுடித் துறவி ஒருவரை மலைக்குகையில் உட்காரவைப்பார். படை புறப்படும்போது சோதிடர்கள் வந்து வெற்றி நமதே என்று சொல்லித் தம் படைக்கு ஊக்கமும் எதிரிக்கு அச்சமும் ஊட்டவேண்டும்.

இவற்றை எடுத்துக்காட்டி அவரை நாத்திகர் என்று முடிவு கட்டுவோர் இரண்டு வரிகளைத் தவறவிடுகிறார்கள். பணம் சேர்க்கும் தந்திரங்களைச் சொல்லி முடித்ததும், இவற்றை அரசுக்குத் துரோகம் செய்வோர் மீதும் அறநெறி தப்பியோர் மீதும் மட்டுமே செய்க, மற்றவர் மீது வேண்டாம் என்று தடை போடுகிறார். வென்ற நாட்டில் எப்படி நடக்கவேண்டும் என்னும் அதிகாரத்தில், அந்நாட்டு மக்களின் உடையையும் மொழியையும் நடத்தையையும் மேற்கொள்க, அவர்களுடைய தெய்வங்களின் விழாக்களில் பக்தியோடு கலந்துகொள்க என்கிறார். அவருடைய பூசை அறையில் என்ன நடந்தது என்பதில் எனக்கு ஆர்வமில்லை. மக்களின் நம்பிக்கை எவ்வளவு ஆழமானது என்பதை அளந்து தெரிந்தவர் அவர்; ஏமாற்றவும் அதைத்தான் பயன்படுத்தினார், அரவணைக்கவும் அதைத்தான் பயன்படுத்தினார்.

சந்திரகுப்தரிடம் 6 இலட்சம் காலாட்படை இருந்தது என்கிறார்களே, நம்பலாமா?
– ஓய்வு பெற்ற இராணுவ வீரர், ஏர்வாடி

அந்த எண், அதோடு 30,000 குதிரைகளும் 9,000 யானைகளும், ரோமானியரான பிளினி எழுதியவை. எண்ணை நான் முழுதாக நம்பமாட்டேன், அமைப்பை நம்புவேன். கப்பற்படை, மாட்டு வண்டியில் செல்லும் தளவாடம், காலாள், குதிரை, தேர், யானை என்று 6 குழுக்கள், குழுவுக்கு 5 பேர் என மெகஸ்தனிஸ் சொன்னதாகக் கிரேக்க நூலாசிரியர் ஸ்ட்ராபோ குறிக்கிறார். தளவாட வண்டிக்குத் தனிக் குழு வைத்தவர்கள் போரை அறிந்தவர்கள் என்பதைத் தங்களைப் போன்றவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. யானையின் கணக்குக்கு மட்டும் வேறொரு சான்றும் உண்டு. அலெக்சாந்தரின் தளபதியாக இருந்து பின்னர் மேற்காசியாவை ஆண்ட செலூக்கசோடு செய்த உடன்பாட்டில் சந்திரகுப்தர் 500 யானைகளைக் கொடுத்து, சிந்துவுக்கு மேற்கிலுள்ள நிலப்பகுதிகளைப் பெற்றார். செலூக்கஸ் அந்த யானைகளை நடத்திச் சென்று கி.மு. 301இல் இப்சஸ் போரில் எதிரியை முறியடித்தார்.

அகிம்சையால்தான் மௌரியப் பேரரசு வீழ்ந்தது என்று ஒரு பேச்சாளர் கூறினார். சரியா?
– வழக்கறிஞர், முதுகுளத்தூர்

அந்தக் கருத்து நூறாண்டுப் பழையது. அசோகருக்குப் பிறகு ஏறக்குறைய 50 ஆண்டுகள் அந்த அரசு இருந்தது. கடைசி மன்னர் பிருகத்ரதர் கி.மு. 185ஐ ஒட்டிக் கொல்லப்பட்டார். கொன்றவர் அவருடைய படைத்தலைவர் புஷ்யமித்திரர். கொன்றது படையைப் பார்வையிடும் சாக்கில். அகிம்சையால் படை துருப்பிடித்திருந்தால் அணிவகுத்து நிற்கப் படை ஏது? கந்தகாரிலிருந்து கர்நாடகம் வரை, சாலையும் குதிரையும் மட்டுமே துணையாக ஒரே ஊரிலிருந்து ஆளமுயன்ற அரசு அது; தலைமை தளர்ந்ததும் தொலைதூர மாநிலங்கள் கழன்றுகொண்டன. வழக்கறிஞராகிய தாங்கள் அந்தப் பேச்சாளரிடம் சான்று கேட்டிருக்கலாம்.

இராமேசுவரத்தில் அசோகர் கல்வெட்டு இருப்பதாக ஒரு நூலில் படித்துவிட்டுத் தீவு முழுவதும் விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை. எங்கே இருக்கிறது?
– சுற்றுலா வழிகாட்டி, இராமேசுவரம்

தங்களை அலையவைத்தது பெயர். கர்நாடகத்தின் சித்ரதுர்கா மாவட்டத்தில் ஜட்டிங்க ராமேசுவரம் என்ற குன்று இருக்கிறது; கல்வெட்டு அங்கேதான். அதற்கு அருகிலேயே பிரம்மகிரி, சித்தாபுரம் ஆகிய இடங்களிலும் அதே சிறுபாறைக் கல்வெட்டு உண்டு. மூன்றையும் 1892இல் ரைஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி வெளிக்கொண்டு வந்தார். கல்வெட்டை எழுதியவர் பெயர் சபடன். கல்வெட்டு முழுவதையும் இடமிருந்து வலமாகப் பிராமியில் வெட்டிவிட்டு, தம் பெயருக்குப் பின் வரும் எழுத்தர் என்ற சொல்லை மட்டும், வடமேற்கு எல்லையில் வழங்கிய கரோஷ்டி எழுத்தில், வலமிருந்து இடமாக வெட்டியிருக்கிறார். அந்தக் குன்றுப்பக்கத்தில் அதைப் படிக்க அன்று வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.